பாபினுக்கு மெத்தை

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, நான்கு மடிப்பு ஜமுக்காளத்துக்கு நடுவே, துளசிமணியின் ஊசி உடைந்தது. பெரிய சத்தமில்லை. நகம் வெட்டும்போது வருகிற 'டிக்'தான். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி மிஷினில் பாதி ஆயுசு உட்கார்ந்தவளுக்கு அது போதும். காதுக்கு எட்டும் முன்பே கால் பெடலை விட்டு எழும்பிவிட்டது. சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பினாள். ஊசிக் காதுக்கு மேலே உள்ள துண்டு மிஷினிலேயே திருகாணிக்குள் நின்றது. காதுக்குக் கீழே இருக்கிற முனை, அரிசியில் பாதிகூட வராத அந்த முனை, காணோம். தட்டின் மேல் இல்லை. துணியை நகர்த்துகிற பல்லின் சந்தில் இல்லை. மடியில் இல்லை. கம்பெனியாக இருந்தால் இப்போது கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் லைன் சூப்பர்வைசர் ஜெயபால் வருவான், வரும்போதே "யாரும் துணியை அசைக்காதீங்க" என்று கத்திக்கொண்டு வருவான். லைன் மொத்தமும் நிற்கும். உடைந்த துண்டையெல்லாம் தேடி எடுத்து, ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி. முனை கிடைக்கவில்லையா, கை எட்டுகிற தூரத்தில் இருந்த துணி அத்தனையும் பெட்டிக்குள் போகும், ஊசி கண்டுபிடிக்கிற மிஷினுக்குள் போகும், அங்கேயும் சந்தேகம் தீரவில்லையென்றால் திரும்பி வராது. தைப்பது கைக்குழந்தை உடுப்பு. எந்த ஊரிலோ எந்தக் குழந்தைக்கோ குத்திவிடக் கூடாது. அந்தக் குழந்தைகளில் ஒன்றைக்கூட துளசிமணி பார்த்ததில்லை. பார்க்காத குழந்தைக்காக முப்பது பேர் குனிந்து தரையைத் தடவியிருக்கிறார்கள். இங்கே கையைத் தூக்கினால் யார் வருவார்கள்? சுவரில் பல்லிகூட இல்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நாய் பாபின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும், வலது பின்னங்கால் இருந்த இடத்தில் தையலோடு, அந்தத் தையலை இந்த மெத்தையின் மேல் வைத்துத்தான் படுக்கும்.

தப்பு தன்னுடையதுதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வீட்டில் இருக்கிற ஊசியெல்லாம் பதினொன்றாம் நம்பர், பனியன் துணிக்கு உள்ளது, நூலை அறுக்காமல் நழுவிப் போக வேண்டுமென்று முனையை மழுக்கி வைத்த ஊசி. ஜமுக்காளத்துக்குத் தடி ஊசி வேண்டும். தெரியும். தெரிந்தேதான் மிதித்தாள், மூன்று பக்கம் போனது, நாலாவது பக்கமும் போகும் என்று. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரிது. பஞ்சை அடைத்த பிறகு வாயைக் கையால் தைத்து மூட வேண்டும், எந்தத் தையற்காரனும் அப்படித்தான் செய்வான். ஆனால் பனியன் கம்பெனியில் யார் கையால் தைக்கிறார்கள்? கைத்தையல் அவளுக்கு வராது, கோணல் மாணலாகத்தான் வரும். அதனால் அடைத்த மெத்தையை அப்படியே மிஷினுக்குள் திணித்து, முழங்கையால் அமுக்கிக்கொண்டு வாயை மூடினாள். அப்போதுதான் டிக். முனை வெளியே தெறித்ததா, திறந்திருந்த அந்த விரற்கடை வாய்வழியாக உள்ளே போனதா. உள்ளே இருப்பது பஞ்சுகூட இல்லை, கட்டிங் வேஸ்ட். விரல் நீளத்துக்கும் நகம் அளவுக்கும் வெட்டுப்பட்ட பனியன் துணுக்குகள், மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை, ஒரு மூட்டை. மெத்தைக்கு மேல்துணி கம்பெனியில் கழித்துப் போட்ட இன்டர்லாக், வெள்ளையில் குட்டி குட்டி யானை. மிருதுவான துணி, குழந்தைக்கு உள்ளது. அடிக்கு ஜமுக்காளம், தரை ஈரம் ஏறாமல் இருக்க. மூன்று பக்கம் திண்டு உயர்த்தி, ஒரு பக்கம் தாழ்வாக விட்டிருந்தாள், மூன்று காலில் ஏறுகிற நாய்க்குத் திண்டைத் தாண்ட முடியாது என்று. அளவுக்கு நாய் வீட்டில் இல்லை. சமையலறை வாசல் ஓரம், அது எப்போதும் படுக்கிற இடத்தில் சிமெண்டு எண்ணெய் பிடித்த மாதிரி பளபளத்துக் கிடந்தது. அதன்மேல் டேப்பைப் போட்டுத்தான் அளந்தாள். அளக்கும்போது அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. செத்தவர்களைத்தான் ஆள் இல்லாமல் அளப்பார்கள், இல்லை, செத்தவர்களையும் ஆளை வைத்துத்தான் அளப்பார்கள், இது என்ன கெட்ட யோசனை என்று எழுந்து தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடிக்கும்போது சமையலறை ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டு. காம்பவுண்டில் வண்டி.

புதன்கிழமையிலிருந்து வண்டி அதே இடத்தில் நிற்கிறது. அவள் புருஷன் சென்னியப்பன் சாவியைத் தொடவில்லை, இன்றைக்கு நாயைக் கூட்டி வரவும் ஆட்டோவில்தான் போயிருக்கிறார். சின்ன யானை என்று எல்லோரும் சொல்கிற குட்டி லாரி, நூல் பையும் துணி ரோலும் ஏற்றிப் போகிற வண்டி. வெயில் நேரத்தில் பாபின் அதன் அடியில்தான் கிடக்கும், குட்டியாக மழையில் நனைந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். வந்த அன்றே மிஷின் தட்டிலிருந்து நூல் சுற்றிய பாபினைக் கவ்விக்கொண்டு ஓடி, வீடு முழுக்க நூல் இழுத்துவிட்டது, அதனால்தான் அந்தப் பெயர். சென்னியப்பன் வண்டி எடுப்பதற்கு முன்னால் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். பாபின் ஊர்ந்து வெளியே வரும், முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும், கேட் வரைக்கும் கூடவே போய் நின்று பார்க்கும். ஒன்பது வருடம் ஒரு நாள் தவறவில்லை. புதன்கிழமை அவர் ரிவர்ஸ் எடுத்தார், நாய் கத்தியது. தட்டினாரா? அதை அவளால் கேட்க முடியவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், காலை எடுத்துவிட வேண்டும் என்றபோது தலையாட்டினார், வந்து குளித்தார், அதன் பிறகு "ம்", "வேண்டாம்", "வெச்சிரு". அவ்வளவுதான். பேசாத மனிதர் பேசாமல் இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது. அவளுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அவர் பேசாமல் இருந்தால் வீட்டில் ஒரு ஆள் இருப்பது தெரியும். இப்போது எதிரே தட்டு வைத்து உட்கார்ந்திருக்கும்போதே ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது. அந்த நாய்க்கு இனி ஏதாவது ஆனால், காயம் பழுத்து, காய்ச்சல் வந்து, ஏதாவது ஆனால், இவர் திரும்பி வரமாட்டார். அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மெத்தை நாய்க்கு என்று சொல்லிக்கொண்டுதான் தைத்தாள்.

மிஷினை நகர்த்தி, தரையில் கன்னத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் உலோகம் மின்னும். மின்னியது ஒரு பிஸ்கட் காகிதத் துணுக்கு. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, பிழைக்க வந்து பத்து வருடமாகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை.

"என்னக்கா, தரையில காது வச்சுக் கேக்குறீக? பூமிக்குள்ள யாரும் பேசுறாகளா?"

"ஊசி முனை ஒண்ணு விழுந்துருச்சு, பேச்சி. காலைப் பார்த்து வை. அங்கியே நில்லு, உள்ளார வராத."

"அட, ஊசிதான? வேற ஊசி போடுக." பேச்சியம்மாள் அங்கேயே குத்தவைத்து மெத்தையைப் பார்த்தாள். "ஆத்தி, ஆனை போட்ட மெத்தை! எங்க வீட்டாளு இதக் கண்டாருன்னா அடுத்த பெறவியில நாயாப் பொறக்கணும்னு நேந்துக்கிருவாரு. அந்த மனுசனுக்கு இன்னைக்கு வரைக்கும் கிழிஞ்ச பாய்தேன்."

"அவரு காலை எடுத்துட்டு வரட்டும், தெச்சுத் தர்றேன்."

"விளங்கும்." பேச்சியம்மாள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அண்ணன் எப்படிக்கா இருக்காரு? நேத்து தண்ணி பிடிக்கையில எதுக்கால வந்தாரு. என்னண்ணேன்னேன். என்னையப் பாத்தாரு, ஆனா பாக்கலை."

துளசிமணி மறுபடியும் தரையைத் தடவினாள். தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தது இப்போது வாசல் தாண்டிப் போய்விட்டது. பாபின் இல்லாமல் போனால் என்று ஆரம்பித்த யோசனை, அவர் இப்படியே என்று திரும்பி, ஊசியில் வந்து குத்தி நின்றது. எங்கே சுற்றினாலும் அங்கே வந்து நிற்கிறது. "உன்ற வீட்ல காந்தம் ஏதாச்சும் இருக்குதா?" என்றாள். பேச்சியம்மாள் யோசித்தாள். "காந்தத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்? அண்ணன் வண்டியில முன்னால பிள்ளையாரு ஒட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவருக்கு அடியில இருக்குறது காந்தம்தான? எம்புட்டு மேடு பள்ளம் போனாலும் விழுக மாட்டேங்குறாரு." சொல்லிவிட்டு, வண்டி என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்த மாதிரி, அடுப்பில் உலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கும்போது வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள், திருடுகிற மாதிரி. வண்டிக் கதவைத் திறந்ததும் சூடான ரெக்சின் வாசனையும் அவருடைய துண்டின் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வந்தாள், ஆனாலும் பார்த்தாள். யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், கழுவின இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. தட்டினாரா? அன்றைக்கு அவள் சமையலறையில்தான் இருந்தாள். இந்த ஜன்னலுக்கு நேர்ப் பின்னால். தட்டுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும், தினமும் கேட்கிற சத்தம். அதனாலேயே கேட்காத சத்தம். நினைத்து நினைத்துப் பார்த்தாள். தேங்காய், பொட்டுக்கடலை, மிக்சி. மிக்சியின் இரைச்சல் நின்ற இடத்தில் நாயின் சத்தம் இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது? தட்டு இருந்த மாதிரியும் இருந்தது, அவள் வேண்டும் என்று நினைப்பதால் இருந்த மாதிரியும் இருந்தது. பிள்ளையாரைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. "கோவிச்சுக்காத சாமி" என்று வாய்விட்டுச் சொல்லித் திருகினாள், கழன்று வந்தார். வீட்டுக்குள் வந்து மெத்தையை மடியில் போட்டு, பிள்ளையாரைத் தலைகீழாகப் பிடித்து, கோடு கோடாக, இஸ்திரி போடுகிற மாதிரி, ஒரு இடம் விடாமல் இழுத்தாள். மேல்பக்கம், அடிப்பக்கம், திண்டு. ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டாது, துணிக்கு உள்ளே இருந்தால் எப்படி வெளியே வந்து ஒட்டும். பிளேடால் வாயைப் பிரித்து, ஒரு கை வேஸ்டை அள்ளி முறத்தில் கொட்டி, அதில் பிள்ளையாரை உருட்டினாள். தூக்கினால் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். முனை இல்லை. ஸ்டேப்ளர் பின்.

ஸ்டேப்ளர் பின் எப்படி வந்தது? அவள் கம்பெனியில் ஸ்டேப்ளர் வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. ஆனால் இந்த வேஸ்ட் அவள் கம்பெனி வேஸ்ட் என்று யார் சொன்னது? வேஸ்ட் விற்கிறவன் குடோனில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தான், நிறம் நன்றாக இருந்தது என்று ஒன்றைக் காட்டினாள், எந்தக் கம்பெனியில் கூட்டி அள்ளியதோ. கட்டிங்கில் துணிக்கட்டுக்கு நம்பர் சீட்டு குத்துகிற பின்னாக இருக்கும். இன்னொரு கை அள்ளினாள். இன்னொரு பின், துருப்பிடித்தது. அது வரைக்கும் இந்த மெத்தைக்குள் இருந்த பயம் ஒன்றுதான், அதற்கு ஒரு அளவு இருந்தது, அரிசியில் பாதி. இப்போது மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறதென்றே தெரியாமல் போய்விட்டது. ஊசி உடையாமல் இருந்திருந்தால் இதைத் தேடியே இருக்க மாட்டாள், தேடாமல் நாயைப் படுக்க வைத்திருப்பாள், யானைத் துணி அழகாக இருக்கிறது என்று நினைத்திருப்பாள். ஒரு முறை கம்பெனியில் இப்படித்தான் முனை காணாமல் போய், தரையெல்லாம் கூட்டி, டார்ச் அடித்து, கடைசியில் ஒரு பெண்ணின் பின்னலில், கனகாம்பரத்தில் செருகிக் கிடந்தது. துளசிமணி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு விரலால் வகிர்ந்து பார்த்தாள். நரை இருந்தது. ரவிக்கையை உதறினாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தனக்குள்ளேயே குத்தி இறங்கியிருந்தால்கூட நல்லதுதான், இருக்கிற இடம் தெரிந்துவிடும். பிறகு அந்த இன்னொரு யோசனை வந்தது, அது இவ்வளவு நேரம் வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். முனை தரையில்தான் எங்கேயாவது தெறித்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான் தெறிக்கும். உள்ளே இருந்தாலும் துணுக்குக்கு நடுவே புதைந்து கிடக்கும், மழுங்கின முனை, மேலே இன்டர்லாக் வேறு. வாயை மூடிவிட்டால் மெத்தை மெத்தைதான். அவர் பார்த்தால் முகம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகத்தானே இரண்டு நாளாக உட்கார்ந்து தைத்தது. இதில் முனை, பின் என்று ஆரம்பித்தால் அவர் என்ன செய்வார், இன்னும் உள்ளே போய்விடுவார். ஆனால் சொல்லாமல் விட்டால் தினமும் நாய் புரளும்போதெல்லாம் அவள் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம், அவள் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம், நடுவில் நாய் தூங்கும். அந்தப் படத்தை அவள் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகும் கை என்னவோ பெட்டியில் புது ஊசியைத் துழாவிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது.

"கதவைத் தள்ளு."

போர்வையில் சுற்றி, குழந்தையை ஏந்துகிற மாதிரி சென்னியப்பன் நாயை ஏந்திக்கொண்டு வந்தார். பாபினுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை, நாக்கின் நுனி வெளியே இருந்தது. அவளைப் பார்த்து வாலை ஒரு தடவை அசைத்தது, அசைத்ததும் வலித்த மாதிரி நிறுத்திக்கொண்டது. மருந்து நெடி வீடு முழுக்க ஏறியது. அவர் மெத்தையைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதே," என்றார். நான்கு நாளில் தேவையில்லாமல் சொன்ன முதல் வார்த்தை. குனிந்தார்.

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"ஊசி ஒடைஞ்சு போச்சு. முனை கிடைக்கல. உள்ளார இருக்குதா இல்லியான்னு தெரியல. இதுல பின்னு வேற கெடக்குது."

அவர் குனிந்தபடியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் அவள் கையில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தார்.

"வண்டிக்குள்ள போனியா?"

"காந்தம் வேணுமேன்னு."

நாயோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாபினின் தலை அவர் முழங்கையில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதன் காதை நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் கெடைக்க மாட்டீங்குது, துளசி."

"என்னதுங்க?"

"தட்டுனனா இல்லியான்னு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, சரக்கு எங்கே இறக்கினேன் என்று சொல்கிற மாதிரி. "தெனமும் தட்டறதுதான். கை போன மாதிரித்தான் இருக்குது. ஆனா அது அன்னிக்கா, அதுக்கு முந்துன நாளா, ஒண்ணும் பிரிச்சுத் தெரியல. எல்லா நாளும் ஒரே நாளாட்ட இருக்குது. தட்டுனேன்னு நெனச்சா தட்டுனாப்புல இருக்குது. தட்டலைன்னு நெனச்சா அதுவும் சரியாத்தான் இருக்குது." பிறகு அவளை நேராகப் பார்த்தார், புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. "உனக்குக் கேட்டுச்சா? சமையக்கட்டுல தானே இருந்தே."

கேட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இன்று இரவே அவர் சாப்பிடுவார், நாளைக்கே சாவியை எடுப்பார். வாய்வரைக்கும் வந்தது. அதோடு கூடவே, வாய் பிரிந்து கிடந்த அந்த மெத்தையும் கண்ணில் பட்டது.

"மிக்சி ஓடிட்டு இருந்துச்சுங்க," என்றாள். "எனக்குக் கேக்கல. தட்டுனீங்களோ தட்டலையோ, எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். ஏதோ இவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டிருந்ததைத் தரையில் வைத்த மாதிரி இல்லை. ஒரு பக்கத்தை இன்னொரு ஆள் பிடித்துக்கொண்ட மாதிரி, தோள் சற்று இறங்கியது. "பெட்டியில என்ற கம்பளி இருக்கும், எடு," என்றார். கம்பளியை நான்காக மடித்து, மேலே அவளுடைய பழைய காட்டன் சேலையைப் போட்டு, நாயை அதில் கிடத்தினார்கள். இடது பக்கமாகச் சாய்ந்து, மூக்கை அவர் பாதத்தில் முட்டிக்கொண்டு அது தூங்கிப்போனது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, மெத்தையைத் தலைகீழாக உதறினார். நிறம் நிறமாகக் குவிந்தது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். ஒவ்வொரு துணுக்காக எடுத்து, விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்து, பின்னால் போட்டார்கள். கடகடவென்று போகிற வேலை இல்லை. நடுவில் அவர் பேசினார். ஆட்டோக்காரன் வழியெல்லாம் தன் மாமியாரைப் பற்றியே சொன்னான் என்றார். டாக்டர் சின்னப் பையனாட்ட இருக்கிறார், ஆனால் கை சுத்தம் என்றார். கட்டை அவிழ்க்கும்போது பாபின் டாக்டரைக் கடிக்கவில்லை, என்னைத்தான் கடிக்க வந்தது என்றார், சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார். அவள் "நல்லாக் கடிச்சிருக்கோணும்" என்றாள். அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார், அது சிரிப்பாக இருக்கலாம். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "புருசனும் பொண்டாட்டியும் கடலை உரிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெளிச்சம் மங்கியபோது இன்னும் மூன்று பின்னும் ஒரு நம்பர் சீட்டும் கிடைத்திருந்தன. முனை கிடைக்கவில்லை. கம்பெனியில் செய்வதைப் போலவே துளசிமணி வேஸ்டையும் யானைத் துணியையும் ஜமுக்காளத்தையும் மொத்தமாக மூட்டை கட்டி, வாயை இறுக்கி முடிந்து, வெளியே வைத்தாள். கட்டி முடித்த பிறகும் தரையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அவரும் தடவினார்.

அதற்கு நெடுநாள் கழித்து, 2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை காலை, பாபின் இறந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வெட்டிய இடம் எப்போதோ ஆறி, மேலே முடி வளர்ந்திருந்தது. சென்னியப்பன் அதை வண்டியில் கிடத்தி, துளசிமணியை முன்னால் ஏற்றிக்கொண்டு, நொய்யல் கரைக்கு ஓட்டிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்.